கிண்ணத்து மிச்சம்

ஞானசிரோன்மணிக்கு மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். கல்யாணம்தான் நடக்கவில்லை.

ஓலை என்றால் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெண் தலையைக் குனிந்துகொள்வாள், மாப்பிள்ளை கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொள்வான். அதுதான் வழக்கம். 1911-ல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில், மூன்றாம் ஓலையன்று, அன்னபாக்கியம் அம்மாள் எழுந்து நின்றாள்.

மாப்பிள்ளைக்கு இவள் பெரியம்மா. புருஷன் ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க், சபையில் மூப்பர். அதனால் இவள் தும்மினாலும் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அன்று தும்மவில்லை.

"ஐயா, அந்தப் பிள்ளைக்குப் பெருவியாதி. கையில வெள்ளையாப் படை விட்டிருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன்."

சிரோன்மணிக்கு அப்போது இருபது வயது இருக்கும். அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருந்து, காய்ச்சலில் போனவர். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வடிக்கும்போது பானை நழுவி முழங்கைக்கு மேல் கொட்டி, ஆறின இடம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. அதை வாயால் சொல்லியிருக்கலாம். அந்த அப்பாவி என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நின்று, ரவிக்கைக் கையைச் சுருட்டி, சபைக்கே காட்டினாள்.

"கஞ்சி கொட்டினதுங்க. பாருங்க, கஞ்சி கொட்டினது."

பார்த்தார்கள். கேட்டதை நம்பாமல் இருந்த நாலு பேரும் கண்டதை நம்பிவிட்டார்கள். முன் வரிசைப் பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை யேசுவடியான், கிள்ளான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவன், மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் என்ன எழுதியிருந்ததோ, தலையை நிமிர்த்தவே இல்லை.

போதகர் அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் வெளுத்த இடத்தில் ஊசியால் குத்தினார். "ஐயோ அம்மா!" என்று அவள் அலறினாள். வலி தெரிந்தால் அது குஷ்டம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அலறலைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? அன்னபாக்கியத்துக்கு அது போதவில்லை.

"ஊசி குத்தினா யாருதான் கத்த மாட்டா? கொஞ்ச நாள் போகட்டும், பாருங்க."

யேசுவடியானும் கொஞ்ச நாள் பார்த்தான். அடுத்த மழைக்குள் பெரியம்மா தன் தம்பி மகளைத் திருநெல்வேலியிலிருந்து கப்பலில் வரவழைத்து அவனுக்குக் கட்டிவைத்தாள். பெரியம்மாவுக்கு உண்மையிலேயே பயமா, தம்பி மகளைக் கரையேற்றும் எண்ணமா, கர்த்தருக்கே வெளிச்சம். விடுதியில் சிரோன்மணியைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். போதகரின் மனைவி அவளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "ஆண்டவரே உனக்கு மணவாளர்னு நினைச்சுக்கோம்மா" என்றாள். நல்ல வார்த்தைதான். அந்த அம்மாளுக்கு ஆண்டவரும் இருந்தார், புருஷனும் இருந்தார்.

வேலை கொடுத்தது, வியாதி இல்லை என்று சொன்ன அதே ஆஸ்பத்திரிதான். பெண்கள் வார்டில் ஆயா வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், மாடு வைத்துப் பால் விற்ற வீரம்மா வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். வீரம்மாவுக்கு மாரியம்மன்தான் தெய்வம். வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதை முக்கால்வாசி அவள் எனக்குச் சொன்னது.

இனிமேல் வருவதுதான் கொடுமை.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபின், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம். எல்லாருக்கும் அந்த ஒரே கிண்ணம்தான். ஆளுக்கு ஒரு மிடறு. ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவார். ஜெபித்துக் கொடுத்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, புட்டியில் திருப்பி ஊற்றவும் கூடாது. மிச்சம் இருந்தால் போதகர்தான் குடித்து முடிக்க வேண்டும். வெளியே ஜாதி பார்த்து டம்ளர் வைக்கிற நம் ஆட்கள், மாதம் ஒரு நாள் ஒரே விளிம்பில் வாய் வைக்கிற இடம் அது ஒன்றுதான். எல்லாரும் ஒரே சரீரம் என்று காட்டுவதற்கு வைத்தது.

அந்தச் சரீரத்தில் ஒரு விரலை மட்டும் வெட்டி எறிந்தார்கள். அவள் வாய் பட்ட கிண்ணத்தில் நாங்கள் குடிக்க மாட்டோம் என்று மூப்பர் வழியாகச் சொல்லியனுப்பினார்கள். போதகர் அவளைத் தனியாக அழைத்து, "நீ கடைசியில வாம்மா. மத்தவங்க எல்லாரும் முடிச்ச பிறகு. சின்ன விஷயம்தானே?" என்றார். சின்ன விஷயம்தான், அவருக்கு.

முதல் தடவை அவள் கடைசியாகப் போய்த் தனியாக முழங்காலில் நின்றாள். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிண்ணத்திலிருந்து வாயை எடுத்தாள். போதகர் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"முழுசும் குடிச்சிரும்மா" என்று மெல்லச் சொன்னார்.

பாதிக் கிண்ணம் இருந்தது. வெள்ளைக்காரன் கடையில் வாங்கிய அசல் ஒயின். அவள் குடித்தாள். அவமானத்தில் குளிர்ந்து கிடந்த உடம்பில் அது சூடாக இறங்கியது. எல்லாருக்கும் உதடு நனைய, எனக்கு மட்டும் இவ்வளவா என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓட்டமாக வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வீரம்மாவிடம் சொன்னாள்.

வீரம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அடி பைத்தியக்காரி! மிச்சத்த அந்த ஐயாதான குடிக்கணும்? உன் எச்சிலுக்குப் பயந்துக்கிட்டு உன் தலையில கட்டிட்டாரு. இதுகூடத் தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை. இப்போது தெரிந்தது. அந்த மாதம் முழுக்க அவள் சபைப் பக்கம் போகவில்லை. வார்டைக் கூட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கூட்டினாள். நோயாளிகள் திட்டினார்கள். கடவுளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, மாட்டுக்கு வைத்த தவிடாவது தின்னுகிறாயா என்று கேட்டேன் என்றாள் வீரம்மா.

அடுத்த முதல் ஞாயிறு எழுந்து குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு.

"நீ சொன்னது நெசந்தான்க்கா. இன்னிக்கு ஐயா கையையே பாத்தேன். கிண்ணத்தக் குடுத்துட்டு வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு."

"அப்புறம் ஏன்டி சிரிக்கிற?"

"பயந்தது ஐயா. குடுத்தது ஐயா இல்லையே. ஐயா பயப்படப் போயிதான எனக்கு அத்தனையும் கெடைக்குது? அப்படி ஒரு வழி பண்ணி வச்சிருக்காரு பாருக்கா, மேல உள்ளவரு. அவங்களுக்கு உதடுதான் நனையுது. எனக்கு வயிறு வரைக்கும் போவுது."

வீரம்மா இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. உதைக்கிற காலைப் பிடித்து முத்தம் கொடுக்கிற புத்தி இது என்று சொல்லிவிட்டேன். வீரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவ உதைக்கிற காலுக்கு முத்தம் குடுக்கல தம்பி. யாரு காலுன்னே அவ பாக்கல" என்றாள்.

அதன்பிறகு அவள் கடவுளோடு பேசிய பேச்சு, புருஷன் பெண்டாட்டி பேச்சுதான். வார்டில் பீப்பாத்திரம் கழுவும்போது, "மூணாம் கட்டில்காரி என்னை என்ன வார்த்த கேட்டா, நீர் கேட்டீரா? கேட்டும் சும்மா இருந்தீரா?" என்று முணுமுணுப்பாள். ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, கொஞ்சம் கருவாடு சுட்டு, தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு, "நாங்க சாப்பிட்டாச்சுக்கா" என்பாள். "யாருடி நாங்க?" என்று வீரம்மா கேலி செய்வாள். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். கொசுவலைக்குள் யாருமில்லாமல் படுக்கிற எத்தனையோ பெண்களைப் போல அவளும் படுத்தாள், ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று தூங்கினாள். அந்தத் தூக்கம் யேசுவடியானுக்கு வாய்த்ததா என்று எனக்குச் சந்தேகம்.

1918-ல் விஷக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒரு பாடை. செத்தவர்களைத் தொட ஆள் இல்லை. அப்போதுதான் சபைக்குச் சிரோன்மணியின் ஞாபகம் வந்தது. "ஆஸ்பத்திரியில பழகின கை, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று கூப்பிட்டார்கள். போனாள். அவர்கள் வீட்டுப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டி, சேலை கட்டி, தாடையைத் துணியால் கட்டிக் கொடுத்தாள். பிணம் கழுவ அவள் கை வேண்டும். அவள் வாய் பட்ட கிண்ணம் மட்டும் வேண்டாம். காய்ச்சல் அடங்கியபின் வந்த முதல் ஞாயிறும் அவள் கடைசியாகத்தான் முழங்காலில் நின்றாள். சபை பாதியாகக் குறைந்திருந்ததால் மிச்சம் நிறைய இருந்தது.

அவள் குளிப்பாட்டியவர்களில் ஒருத்தி யேசுவடியானின் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள். சில மாதம் கழித்து அவன் கிள்ளானிலிருந்து ரயிலேறி, வீரம்மா வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அதே மாதிரி ஒரு தொப்பி.

"பழசெல்லாம் மறந்திரு. பிள்ளைகளுக்குத் தாய் வேணும். நம்ம கல்யாணத்தை முடிச்சிக்குவோம்" என்றான்.

அவள் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது என்றாள் வீரம்மா. ஏழு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டியது. இப்போதாவது கேட்டானே என்று அவள் முகம் ஒரு கணம் சின்னப் பெண் முகமாகிவிட்டதாம். அங்கேயே வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அவனும் மனுஷனாகியிருப்பான்.

"ஒண்ணே ஒண்ணு. தட்டு டம்ளர் மட்டும் உனக்குத் தனியா வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல, பெரியம்மா வந்து போவாங்க. ஊர் வாய் பொல்லாதது பாரு."

நிலையிலிருந்து அவள் கை இறங்கியது.

"தனிக் கிண்ணம் எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க" என்றாள். "அதுல குடுக்கிறவரு கணக்குப் பாக்காம குடுக்கிறாரு. நீங்க போயிட்டு வாங்க."

அவன் போனதும் வீரம்மா அவனுக்குக் கொடுத்த காப்பி டம்ளரைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். சிரோன்மணி அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினாள், யாரோடு பேசினாள் என்று வீரம்மா ஒட்டுக்கேட்கவில்லை. வீரம்மா ஒட்டுக்கேட்காத நாள் அது ஒன்றுதான்.

வருஷங்கள் போயின. தலை நரைத்தது. பழைய போதகர் ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறினார். 1931-ல் சென்னையிலிருந்து புதுப் போதகர் வந்தார். வாலிபர், நல்லவர். ஏன் இந்த அம்மா மட்டும் கடைசியில் தனியாக வருகிறாள் என்று விசாரித்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த திருவிருந்தில் நீங்கள்தான் முதலில் வர வேண்டும் என்று அவளிடம் சொன்னார்.

"வேண்டாம் ஐயா. நான் கடைசியிலேயே இருந்துக்கிறேன். அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல."

"உங்களுக்குக் குறையில்லம்மா. சபைக்குக் குறை. இதைத் திருத்தணும்."

திருத்தப் புறப்பட்டவர்களிடம் யார் பேசி ஜெயிக்க முடியும்? அந்த ஞாயிறு பீடத்திலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளுக்குள் அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். கடைசிவரை கேட்காமல் இருந்த ஒரே ஆசை, எல்லாரோடும் ஒரு வாய். எழுந்து, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். நிறைந்த கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு குடித்தாள். போதகர் விளிம்பைத் துடைத்துவிட்டுச் சபையைப் பார்த்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்னபாக்கியம் கிழவி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போயிற்று, அதுவரை ஒருவரும் அசையவில்லை. யேசுவடியானின் மூத்த மகள், தன் அம்மாவைக் குளிப்பாட்டியவள் இவள்தான் என்று தெரிந்தவள், பாதி எழுந்தாள். அப்பன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

போதகரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொட்டக் கூடாது, திருப்பி ஊற்றக் கூடாது. அவர்தான் குடிக்க வேண்டும். கிண்ணத்தைத் தன் வாய்க்கு உயர்த்தினார். சிரோன்மணி முழங்காலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்குப் பக்கத்தில் கிண்ணம் நின்றது. அவர் அதைக் கொஞ்சம் திருப்பினார், அவள் வாய் படாத பக்கத்தைத் தேடுகிறவர் போல. பிறகு அப்படியே நின்றுவிட்டார். அத்தனை நல்ல மனசுக்கும் கடைசி அரை அங்குலம் தாண்ட முடியவில்லை. சபை செய்த கொடுமையைவிட அதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது.

அவள் எழுந்து கிட்டே போனாள்.

"குடுங்க ஐயா" என்றாள். கோபமில்லாமல், கைக்குழந்தையை வாங்குகிறவள் மாதிரி கேட்டாள்.

கொடுத்துவிட்டார். சபை முழுவதின் பங்கையும் அவள் ஒருத்தி நின்று குடித்தாள். நடுவில் மூச்சு வாங்கினாள், மறுபடியும் குடித்தாள். கடைசித் துளி வரை முடித்து, கிண்ணத்தைத் தன் தலைப்பால் துடைத்துப் பீடத்தில் வைத்தாள். திரும்பி நடக்கும்போது கால் பின்னியது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாளே குடிகாரி என்ற பேரும் கிடைத்துவிட்டது. வாசலில் பால் கணக்கு வாங்க வந்து நின்ற வீரம்மாதான் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

"என்னடி தள்ளாடுற?"

"இன்னிக்கு எல்லார் பங்கும் எனக்கேக்கா" என்று சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை வீரம்மா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சபை கூடிப் பேசியது. போதகர் தலைகுனிந்து ஒரு யோசனை சொன்னார், எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். சுகாதாரம் என்று அதற்குப் பேர். ஆளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினார்கள். இனி யார் வாயும் யார் வாயோடும் சேராது. சிரோன்மணிக்கும் ஒன்று உண்டு, மற்றவர்களோடு நடு வரிசையில் இடமும் உண்டு. அந்த முதல் ஞாயிறு அவள் எல்லாரோடும் முழங்காலில் நின்று, விரல்நுனி அளவு ரசத்தைக் குடித்துவிட்டு வந்தாள். இருபது வருஷமாக அவளுடையதாக இருந்த மிச்சம் அன்றோடு போயிற்று. அவளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அத்தனை கிண்ணங்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுவது பெரிய சூசா, பெரிய தொல்லை. சீமாட்டிகள் யாரும் கை நனைக்கத் தயாரில்லை. சோம்பேறித்தனத்துக்கு முன்னால் பெருவியாதிப் பயம்கூட நிற்கவில்லை. வேலை அவள் தலையில் விழுந்தது. சபை கலைந்தபின், பின்கட்டுக் குழாயடியில் தட்டோடு உட்காருவாள்.

ஒரு நாள் அங்கே போன வீரம்மா பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஒரு துளி நின்றது. சிரோன்மணி தண்ணீரைத் திறக்கவில்லை. அன்னபாக்கியத்தின் கிண்ணம், யேசுவடியானின் கிண்ணம், போதகரின் கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்து, துளித்துளியாகத் தன் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது விளிம்பு வரை நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

வீரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "சீ! எச்சில்டி அது. அவங்க அத்தன பேரு எச்சிலும்."

"எச்சில்தான்க்கா" என்றாள் சிரோன்மணி. "அவங்களுக்கு என் எச்சில் ஆகாது. எனக்கு அவங்க எச்சில் ஆகும்."

பிறகு குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினாள்.